ஆறு தடவை, தொண்ணூறு துடிப்பு: ஓர் அட்டவணை பிறந்த கதை

பெருங்குடல் புண்ணோடு ஒருவர் ஆஸ்பத்திரிக்கு வருகிறார். பணியில் இருக்கும் டாக்டர் கேட்கும் முதல் கேள்வி பெரும்பாலும் இதுதான்: "ஒரு நாளைக்கு எத்தனை தடவை போறீங்க? ரத்தம் வருதா?" ஆறு தடவை அல்லது அதற்கு மேல், அதுவும் ரத்தத்தோடு என்றால் டாக்டர் நிமிர்ந்து உட்காருவார். அடுத்து நாலு விஷயம் பார்ப்பார். நாடித்துடிப்பு நிமிடத்துக்கு 90-ஐத் தாண்டுகிறதா, காய்ச்சல் 37.8 டிகிரி செல்சியஸுக்கு மேலா, ஹீமோகுளோபின் 10.5 கிராமுக்குக் கீழா, ஈஎஸ்ஆர் 30-க்கு மேலா. நாலில் ஒன்று இருந்தாலும் போதும். அது 'கடுமையான தாக்குதல்'. அவரை வீட்டுக்கு அனுப்ப மாட்டார்கள், அட்மிஷன்தான்.

இந்த அட்டவணை அச்சில் வந்தது 1955-ல். ஸ்கேன் இல்லாத காலம், கொலோனோஸ்கோப்பி இல்லாத காலம். இதை எழுதிய இருவரின் பெயரால் 'ட்ரூலவ் விட்ஸ் அளவுகோல்' என்று இன்றும் உலகம் முழுக்கப் புழங்குகிறது. நான் மென்பொருள் எழுதுகிறவன். எங்கள் தொழிலில் பத்து வருஷம் பழைய கோடு என்றாலே தொடப் பயப்படுவோம். எழுபது வருஷம் ஓடிக்கொண்டிருக்கும் ஒன்றைப் பார்த்தால் இதை யார் எழுதினார்கள், எதற்காக எழுதினார்கள் என்று தோண்டாமல் இருக்க முடியவில்லை. தோண்டியதில் தெரிந்தது: இது ஆஸ்பத்திரி டாக்டருக்காக எழுதப்பட்டதே இல்லை. ஒரே ஒரு பரிசோதனையில் நோயாளிகளைப் பிரித்து வைப்பதற்காகப் போட்ட கோடு அது.

(வழக்கமான எச்சரிக்கை: நான் பி.இ., எம்.பி.பி.எஸ். அல்ல. இது வரலாற்றுக் குறிப்பு. மருந்து விஷயத்துக்கு உங்கள் டாக்டரைக் கேளுங்கள்.)

முதலில் நோயைப் பற்றி இரண்டு வரி. குடல் அழற்சி நோய், சுருக்கமாக ஐபிடி, என்ற தலைப்பின் கீழ் முக்கியமாக இரண்டு நோய்கள் வருகின்றன. அல்சரேட்டிவ் கோலைட்டிஸ் பெருங்குடலின் உள்சுவரை மட்டும் தின்னும்; மலக்குடலில் தொடங்கி இடைவெளி விடாமல் மேலே ஏறும். க்ரோன் நோய் வாயிலிருந்து ஆசனவாய் வரை எங்கு வேண்டுமானாலும் வரும். இங்கே கொஞ்சம் அங்கே கொஞ்சம் என்று விட்டுவிட்டு வரும். சுவரின் முழுத் தடிமனையும் பிடிக்கும். கிருமி ஒன்றைக் கைகாட்ட முடியாது. உடம்பின் காவல்காரனே வீட்டை இடிக்கிற கதை. இளவயதில் தொடங்கி வாழ்நாள் முழுக்க வந்து வந்து போகும். இந்த 'வந்து வந்து போகும்' என்பதைக் கொஞ்சம் நினைவில் வையுங்கள்.

அல்சரேட்டிவ் கோலைட்டிஸ் என்ற பெயரின் பிறப்பே ஒரு கொலை வழக்கில் இருக்கிறது. லண்டன் பக்கத்தில் ரிச்மண்ட், 1859. இசபெல்லா பேங்க்ஸ் என்ற நாற்பதைக் கடந்த பெண், தாமஸ் ஸ்மெத்தர்ஸ்ட் என்ற டாக்டரோடு வாழ்ந்து வந்தார். டாக்டருக்கு ஏற்கெனவே மனைவி உண்டு, தன்னைவிட வயதில் மிகவும் மூத்தவர். அதை மறைத்து இசபெல்லாவையும் சர்ச்சில் கல்யாணம் செய்திருந்தார். சில மாதத்தில் இசபெல்லாவுக்கு வாந்தியும் வயிற்றுப்போக்கும். எந்த மருந்துக்கும் கேட்கவில்லை. பார்க்க வந்த டாக்டர்களுக்குச் சந்தேகம் வந்துவிட்டது. மலத்தின் மாதிரியை அந்தக் காலத்தின் பெரிய நச்சு நிபுணர் ஆல்பிரட் ஸ்வெய்ன் டெய்லருக்கு அனுப்பினார்கள். ஆர்சனிக் இருக்கிறது என்று அவர் சொல்லிவிட்டார். மே மாதத் தொடக்கத்தில் இசபெல்லா இறந்தார். சாவதற்குச் சில நாள் முன்புதான் சொத்தை ஸ்மெத்தர்ஸ்ட் பெயருக்கு உயில் எழுதியிருந்தார். போலீஸுக்கு வேறென்ன வேண்டும்?

ஓல்ட் பெய்லி நீதிமன்றத்தில் டெய்லரின் சோதனை உடைந்தது. ஆர்சனிக்கைக் கண்டுபிடிக்க அவர் பயன்படுத்திய செப்புக் கம்பி வலையிலேயே ஆர்சனிக் கலந்திருந்தது. சோதனைக் கருவியே பொய் சொன்னது. (எங்கள் மொழியில் சொன்னால், பக் இருந்தது டெஸ்ட் கோடில்.) அப்படியும் ஜூரி குற்றவாளி என்றது, தூக்கு விதித்தார்கள். பத்திரிகைகளில் பெரும் கூச்சல் எழுந்து, உள்துறை அமைச்சர் சர் பெஞ்சமின் பிராடி என்ற மூத்த அறுவை மருத்துவரிடம் கருத்துக் கேட்டு, கடைசியில் மன்னிப்பு வழங்கினார்கள். ஸ்மெத்தர்ஸ்ட் இருதார மணத்துக்காக மட்டும் ஒரு வருஷம் உள்ளே இருந்தார். வெளியே வந்து அந்த உயிலுக்காக வழக்குப் போட்டு ஜெயித்தார் என்பது தனிக்கதை.

நமக்கு வேண்டிய ஆள் இதில் ஓரமாக நிற்கிறார். கைஸ் ஆஸ்பத்திரியின் சாமுவேல் வில்க்ஸ். இசபெல்லாவின் குடலைப் பார்த்துவிட்டு, அதில் கண்டதை 1859-ல் ஒரு மருத்துவ இதழுக்குக் கடிதமாக எழுதினார். பெருங்குடல் முழுக்கப் புண், சிறுகுடலின் கடைசிப் பகுதியிலும் அழற்சி. நஞ்சு இல்லாமல் நோயாலேயே ஒரு குடல் இப்படி ஆக முடியும் என்பது அதன் சாரம். அல்சரேட்டிவ் கோலைட்டிஸ் வரலாற்றை எழுதுகிறவர்கள் பெரும்பாலும் இந்தக் கடிதத்திலிருந்துதான் தொடங்குகிறார்கள். வேடிக்கை என்னவென்றால், சிறுகுடலும் பாதிக்கப்பட்டிருந்ததால் அவருக்கு இருந்தது க்ரோன் நோயாக இருக்கலாம் என்று இருபதாம் நூற்றாண்டு ஆய்வாளர்கள் திருப்பிப் படித்தார்கள். நியூயார்க்கின் க்ரோன், கின்ஸ்பர்க், ஆப்பன்ஹைமர் மூவரும் தங்கள் கட்டுரையை வெளியிட்டது 1932-ல். அந்த நோய் பெருங்குடலையும் பிடிக்கும் என்பதை லண்டனில் லாக்கார்ட் மம்மரியும் மார்சனும் தெளிவாக நிறுவியது 1960-ல்தான்.

பெயர் வைத்தாயிற்று. மருந்து? 1909-ல் லண்டனில் ராயல் சொசைட்டி ஆஃப் மெடிசினில் ஒரு கூட்டம் போட்டு, நகரத்தின் பெரிய ஆஸ்பத்திரிகளில் சேர்ந்திருந்த முந்நூற்றுக்கும் மேற்பட்ட கோலைட்டிஸ் நோயாளிகளின் கணக்கைத் திரட்டினார்கள். கிட்டத்தட்டப் பாதிப் பேர் இறந்திருந்தார்கள். ஆஸ்பத்திரி வரை வந்தவர்கள் மோசமான கேஸ்கள் என்று கழித்துக்கொண்டாலும், பாதி என்பது பாதிதான். குடல் பொத்துக்கொள்ளும், ரத்தப்போக்கு நிற்காது, பெருங்குடல் பலூன் மாதிரி ஊதி நஞ்சேறும், கால் நரம்பில் ரத்தம் உறைந்து நுரையீரலுக்குப் போகும். சிக்கல்களின் பட்டியல் நீளம்.

அடுத்த நாற்பது வருஷத்தில் வைத்தியங்கள் வரிசை கட்டி வந்தன. குடல்வாலை வயிற்றுக்கு வெளியே திறந்து வைத்து அது வழியாகப் பெருங்குடலைக் கழுவினார்கள். அமெரிக்காவின் மேயோ கிளினிக்கில் பார்கன் என்பவர் ஒரு பாக்டீரியாதான் காரணம் என்று சொல்லி அதற்குத் தடுப்பூசி தயாரித்துப் போட்டார். 1930-க்குப் பிறகு மனசுதான் காரணம், அம்மாவை அதிகமாகச் சார்ந்திருக்கும் குணம்தான் காரணம் என்று ஒரு கூட்டம் கிளம்பியது. நோயாளிக்கு ரத்தமும் போய், கூடவே குணம் சரியில்லை என்ற பெயரும். இவை எல்லாமே ஓரளவு 'வேலை செய்தன' என்பதுதான் கொடுமை. ஒவ்வொரு டாக்டரும் தன் கையால் குணமானவர்களைக் காட்ட முடிந்தது. மோசடி இல்லை, நிஜமாகவே குணமானார்கள். ஏன் என்று கொஞ்ச நேரத்தில் பார்ப்போம்.

1949-ல் கார்டிசோன் வந்தது. மேயோ கிளினிக்கில் ஹென்ச்சும் கெண்டலும் மூட்டுவாதத்தில் படுத்தே கிடந்தவர்களை எழுந்து நடக்க வைத்தார்கள். அடுத்த வருஷமே ரைக்ஸ்டைனோடு சேர்த்து நோபல் பரிசு. ஆனால் மருந்து கிடைப்பது அரிது, விலையும் அதிகம். கோலைட்டிஸுக்குக் கொடுத்துப் பார்த்தவர்களில் சிலர் அற்புதம் என்றார்கள், சிலர் ஆபத்து என்றார்கள். புண் ஆறுவதைக் கார்டிசோன் தடுக்கும், குடல் பொத்துக்கொள்ளும், உள்ளே சீழ் பிடித்தால் வெளியே தெரியாது. பயம் நியாயமானதுதான்.

ஆக்ஸ்போர்டில் அப்போது நஃபீல்டு மருத்துவப் பேராசிரியராக இருந்தவர் லெஸ்லி விட்ஸ். அவரோடு வேலை பார்த்தவர் சிட்னி ட்ரூலவ். இந்தச் சண்டையைத் தீர்க்க அவர்கள் எடுத்த வழி 1948-ல் பிரிட்டனில் காசநோய்க்கு ஸ்ட்ரெப்டோமைசினைச் சோதித்த வழி. ஆஸ்டின் பிராட்ஃபோர்டு ஹில் என்ற புள்ளியியல்காரர் வடிவமைத்தது அது: யாருக்கு மருந்து, யாருக்கு இல்லை என்பதை டாக்டர் முடிவு செய்யக்கூடாது, குலுக்கல் முடிவு செய்ய வேண்டும்.

பல ஆஸ்பத்திரிகள் சேர்ந்தன. கணக்கில் வந்தவர்கள் மொத்தம் 210 பேர். 109 பேருக்குக் கார்டிசோன் மாத்திரை, நாளைக்கு 100 மி.கி. வீதம் ஆறு வாரம். 101 பேருக்குப் பார்வைக்கு அதே மாதிரி இருக்கும் வெற்று மாத்திரை. படுக்கை ஓய்வு, உணவு, ரத்தம் ஏற்றுவது போன்ற அந்தக் கால வழக்கமான சிகிச்சைகள் இரண்டு தரப்புக்கும் உண்டு.

குலுக்கிப் போட்டால் மட்டும் போதாது. ஒரு பக்கம் லேசான கேஸ்களும் மறுபக்கம் கடுமையான கேஸ்களும் தற்செயலாகக் குவிந்துவிட்டால் முடிவே கெட்டுவிடும். லேசு, கடுமை என்பதை முன்கூட்டியே எழுதி வைத்தாக வேண்டும். அதுவும் வெவ்வேறு ஊர் ஆஸ்பத்திரிகளில் வெவ்வேறு டாக்டர்கள் ஒரே மாதிரி பயன்படுத்தும்படி. 'ஆள் ரொம்ப வாடியிருக்கார்' என்பதெல்லாம் உதவாது. எண்ண முடிந்ததை மட்டும் எடுத்தார்கள். மலம் எத்தனை தடவை, காய்ச்சல் எவ்வளவு, துடிப்பு எவ்வளவு, ரத்தம் எவ்வளவு குறைந்திருக்கிறது, ஈஎஸ்ஆர் எவ்வளவு. நாலு தடவைக்குள், காய்ச்சல் இல்லை, மற்றதும் சரி என்றால் லேசு. ஆறுக்கு மேல், கூடவே காய்ச்சல், துடிப்பு இத்யாதி என்றால் கடுமை. இரண்டுக்கும் நடுவில் நடுத்தரம். தெர்மாமீட்டரும் கடிகாரமும் ஒரு சாதாரண லேபும் இருந்தால் எந்த ஊரிலும் போட்டுப் பார்க்கலாம். அந்த அட்டவணை நிலைத்ததற்கு என் கணிப்பில் முதல் காரணம் இந்த எளிமை.

'குணம்' என்பதற்கும் இப்படியே வரையறை எழுதினார்கள். நாளைக்கு ஒன்றிரண்டு தடவை, ரத்தம் இல்லாமல், காய்ச்சல் இல்லை, ஹீமோகுளோபின் ஏறுகிறது, எடை கூடுகிறது. முடிவைப் பார்த்த பிறகு கோல்கம்பத்தை நகர்த்த முடியாது.

1954-ல் முதற்கட்ட அறிக்கை, 1955-ல் முழு அறிக்கை, இரண்டும் பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னலில். முடிவு: கார்டிசோன் எடுத்தவர்களில் முழுக் குணம் 41.3 சதவீதம், வெற்று மாத்திரையில் 15.8 சதவீதம். 109-ல் 45 பேர், 101-ல் 16 பேர். இது தற்செயலாக வர வாய்ப்பு எவ்வளவு என்று பைத்தானில் போட்டுப் பார்த்தேன். ஏறக்குறைய 20,000-ல் ஒன்று. இன்னொரு விதமாகச் சொன்னால், நாலு பேருக்குக் கார்டிசோன் கொடுத்தால் அதில் ஒருவர் அந்த மருந்தால் மட்டுமே குணமாகிறார். முதல் தடவையாக நோய் வந்தவர்களிடம் பலன் இன்னும் நன்றாக இருந்தது. கடுமையான தாக்குதலோடு வந்தவர்களை மட்டும் எடுத்தால் இந்த ஆய்வை வைத்து எல்லோரும் சொல்லும் கணக்கு ஒன்று உண்டு: வெற்று மாத்திரைத் தரப்பில் இறந்தவர்கள் 24 சதவீதம், கார்டிசோன் தரப்பில் 7.

ஆனால் என்னை உட்கார வைத்தது கார்டிசோன் வரிசை இல்லை. பக்கத்து வரிசை. வெற்று மாத்திரை எடுத்த 101 பேரில் 16 பேருக்கு முழுக் குணம், இன்னும் 25 பேருக்கு முன்னேற்றம். மொத்தம் 41 பேர். பத்தில் நாலு பேருக்கு ஒன்றுமே இல்லாத மாத்திரையோடு நோய் தணிந்தது! நினைவில் வைக்கச் சொன்னேனே, வந்து வந்து போகும் நோய் என்று. உச்சத்தில் இருக்கும்போதுதான் ஆஸ்பத்திரிக்கு வருவோம். உச்சத்துக்குப் பிறகு பலருக்கு அது தானாகவே இறங்கும். இந்த வரிசையை வைத்துக்கொண்டு அந்த நாற்பது வருஷ வைத்தியங்களைத் திரும்பிப் பாருங்கள். குடல்வால் வழியே கழுவினாலும், தடுப்பூசி போட்டாலும், அம்மாவைப் பற்றி மணிக்கணக்கில் பேச வைத்தாலும், பத்தில் நாலு பேர் தேறத்தான் செய்வார்கள். ஒவ்வொரு டாக்டரிடமும் நன்றிக் கடிதங்கள் இருக்கத்தான் செய்யும். இன்று வாட்ஸ்அப்பில் குடல்புண்ணுக்கு ஒரே மண்டலத்தில் தீர்வு என்று வரும் செய்தியையும் நான் இந்த 41 பேரை வைத்துத்தான் படிக்கிறேன்.

சரி, அந்த 101 பேர்? அவர்களுக்கும் பெயர் இருந்தது, குடும்பம் இருந்தது. கடுமையாக வந்து வெற்று மாத்திரை பக்கம் விழுந்தவர்களில் நாலில் ஒருவர் திரும்பவில்லை. கொடுமை இல்லையா என்று கேட்கத் தோன்றும். தோன்ற வேண்டும். அந்த நேரத்தில் கார்டிசோன் காப்பாற்றுமா, குடலைப் பொத்துவிடுமா என்பது யாருக்கும் தெரியாது என்பது ஒரு பதில். அந்தப் பதில் எனக்குச் சரியாகவே படுகிறது, ஆனாலும் அந்த வரிசையை வெறும் எண்ணாகப் படிக்க முடியவில்லை. பின்னால் வந்த ஒவ்வொருவருக்கும் சேர்த்துக் கணக்குக் கொடுத்தவர்கள் அவர்கள்.

ஒரு வெற்றியோடு இருவரும் நிறுத்தவில்லை. தாக்குதலைத் தணித்த மருந்து அடுத்த தாக்குதலைத் தடுக்குமா? குணமானவர்களுக்குக் குறைந்த அளவில் கார்டிசோனை ஒரு வருஷம் தொடர்ந்து கொடுத்துப் பார்த்தார்கள். 1959-ல் முடிவு: வெற்று மாத்திரையைவிட மேல் இல்லை. 1965-ல் லண்டனில் லெனார்ட் ஜோன்ஸ் குழு பிரெட்னிசோனை வைத்துச் செய்ததிலும் அதே கதை. ஸ்டீராய்டு தீயணைப்பு வண்டி. அதை வாசலில் நிறுத்தி வைத்தால் தீப்பிடிக்காது என்று பொருள் இல்லை. எலும்பு தேய்வது, சர்க்கரை ஏறுவது, முகம் உப்புவது ஆகியவற்றை மட்டும் அது தவறாமல் தரும். அறுபது வருஷத்துக்கு முன்பே தீர்ந்த விஷயம் இது. இருந்தும் பயத்தில் தாங்களாகவே மருந்துக்கடையில் ஸ்டீராய்டு வாங்கித் தின்றுகொண்டே இருப்பவர்கள் இன்னும் உண்டு.

தடுக்கும் வேலையைச் செய்தது வேறு மருந்து. அதன் கதை ஸ்வீடனில் தொடங்குகிறது. ஸ்டாக்ஹோமின் நானா ஸ்வார்ட்ஸ், அந்நாட்டு அரசுப் பல்கலைக்கழகத்தில் பேராசிரியரான முதல் பெண். மூட்டுவாதத்துக்காக, சல்ஃபா மருந்தையும் ஆஸ்பிரினின் உறவுக்காரரான ஒரு சாலிசிலேட்டையும் ஒரே மூலக்கூறாக இணைக்கச் சொன்னார். அதுதான் சல்ஃபாசலசின். கோலைட்டிஸ் நோயாளிகளிடம் அது நன்றாக வேலை செய்ததை 1940-களின் தொடக்கத்தில் எழுதினார். தினமும் சாப்பிட்டால் நோய் திரும்புவதை அது தடுக்கிறது என்பதை 1965-ல் மிசிவிச்சும் லெனார்ட் ஜோன்ஸ் குழுவினரும் குலுக்கல் முறையில் நிரூபித்தார்கள்.

இணைந்திருக்கும் இரண்டில் எது வேலை செய்கிறது? இதைக் கேட்டவர் மறுபடியும் ட்ரூலவ். விடை தேடியவர் ஆக்ஸ்போர்டில் அவரிடம் ஆராய்ச்சி செய்ய வந்த ஏ. கே. ஆசாத் கான், இன்றைய வங்கதேசத்துக்காரர். இரண்டு பாகத்தையும் பிரித்துத் தனித்தனி மாத்திரையாகக் கொடுத்தால், பெருங்குடலுக்குப் போய்ச் சேருமுன் பாதி வழியிலேயே உறிஞ்சப்பட்டுவிடும். அதனால் மூன்றையும் தனித்தனியாக எனிமாவாகக் கொடுத்தார்கள்: முழு மருந்து, சல்ஃபா பாகம், சாலிசிலேட் பாகம். 1977-ல் லான்செட்டில் முடிவு வந்தது. முழு மருந்தும் சாலிசிலேட் பாகமும் சமமாக வேலை செய்தன. சல்ஃபா பாகம் பின்தங்கியது. அப்படியானால் சல்ஃபா வெறும் சுமைதூக்கி. பெரும்பாலான பக்கவிளைவுகளுக்கும் காரணம் அதுதான். அதைக் கழற்றிவிட்டு வந்ததே இன்றைய மெசலசின் மாத்திரைகள். ஒரு பெரிய புரோகிராமில் ஒவ்வொரு மாட்யூலாக எடுத்துவிட்டு ஓட்டிப் பார்க்கிற மாதிரியான சோதனை. இந்தக் கதையில் எனக்கு மிகவும் பிடித்த இடம் இது. ஆசாத் கான் பிறகு டாக்கா திரும்பி, அங்கே சர்க்கரை நோய் மருத்துவத்தைக் கட்டியெழுப்பியவர்களில் ஒருவரானார்.

அளவுகோலுக்குத் திரும்புவோம். எண்ணக்கூடியதை எண்ணலாம். கண்ணால் பார்ப்பதை என்ன செய்வது? குழாய் விட்டு மலக்குடலைப் பார்க்கும் டாக்டர்கள் 'சிவந்திருக்கிறது', 'வீங்கியிருக்கிறது' என்று எழுதுவார்கள். 1964-ல் பாரன், கானல், லெனார்ட் ஜோன்ஸ் மூவரும் ஒரு விபரீத வேலை செய்தார்கள். ஒரே நோயாளியை வெவ்வேறு டாக்டர்கள் தனித்தனியாகப் பார்த்து எழுத வேண்டும். ஒப்பிட்டால், பல வர்ணனைகளில் ஆளுக்கொரு பதில். நன்றாக ஒத்துப்போனது ரத்தக் கசிவு போன்ற சில அடையாளங்களில்தான். அதை அடிப்படையாக வைத்து எழுந்த மதிப்பெண் முறையின் வழித்தோன்றல்கள் இன்றைக்கும் கொலோனோஸ்கோப்பி ரிப்போர்ட்டில் இருக்கின்றன.

கடுமையான தாக்குதலில் சாவைக் குறைத்ததில் மருந்துக்கு இணையான பங்கு ஒரு காலெண்டருக்கு உண்டு. மருந்து கேட்காத நோயாளியை, 'இன்னும் ரெண்டு நாள் பார்ப்போம்' என்று இழுத்து, குடல் கிழிந்த பிறகு அறுவைக்கு அனுப்பினால் பிழைப்பது கடினம். 1974-ல் ட்ரூலவும் டெரெக் ஜூவலும் ஒரு முறையை எழுதினார்கள்: வாய்வழி ஒன்றும் இல்லை, நரம்பு வழியே ஸ்டீராய்டும் திரவமும், ஐந்து நாள். தேறாவிட்டால் அறுவை. 49 பேரில் 36 பேர் ஐந்து நாளில் தேறினார்கள். மீதிப் பேருக்கு, உடம்பில் தெம்பு இருக்கும்போதே பெருங்குடலை எடுத்துவிடலாம். பர்மிங்ஹாமின் பிரயன் புரூக் 1952-லேயே, சிறுகுடல் நுனியை வயிற்றுக்கு வெளியே மடித்துத் தைக்கும் நல்ல முறை ஒன்றைக் கொடுத்திருந்ததால், பெருங்குடல் இல்லாமல் வாழ்வது அப்போது சாத்தியமாகிவிட்டிருந்தது. 1996-ல் ஆக்ஸ்போர்டிலேயே டிராவிஸ் குழு அந்த ஐந்தை மூன்றாக்கியது: மூன்றாம் நாளும் எட்டுத் தடவைக்கு மேல் போனால், அல்லது மூன்று முதல் எட்டுத் தடவையோடு ரத்தத்தில் சிஆர்பி 45-க்கு மேல் இருந்தால், 85 சதவீதம் பேருக்கு அந்த அட்மிஷனிலேயே அறுவை தேவைப்படும். மறுபடியும் எண்ணிக்கைதான். மிக நல்ல மையங்களில் இன்று கடும் தாக்குதலில் இறப்பு ஒரு சதவீத அளவில் நிற்கிறது.

பிழைத்தவர்கள் நீண்ட நாள் வாழ்ந்தார்கள். அப்போதுதான் நீண்ட நாள் சிக்கல்கள் வெளியே வந்தன. எட்வர்ட்ஸும் ட்ரூலவும் 1938 முதல் 1962 வரை ஆக்ஸ்போர்டில் பார்த்த 624 நோயாளிகளின் கதையைத் தொடர்ந்து எழுதி, 1963-64-ல் நாலு பாகமாக வெளியிட்டார்கள். மூன்றாவது பாகம் சிக்கல்கள், நாலாவது புற்றுநோய். பெருங்குடல் முழுக்கப் பாதிக்கப்பட்டு வருஷக்கணக்கில் ஆனவர்களுக்குப் புற்றுநோய் அபாயம் ஏறுகிறது. லண்டன் செயின்ட் மார்க்ஸ் ஆஸ்பத்திரியின் மார்சனும் பாங்கும் 1967-ல், புற்று வரும் முன்பே உள்சுவர் செல்களில் மாற்றம் தெரிகிறது, சதைத் துணுக்கில் அதைப் பிடிக்கலாம் என்று காட்டினார்கள். எட்டுப் பத்து வருஷம் ஆன நோயாளிகளை, இப்போது வலி ஒன்றும் இல்லையென்றாலும், குறிப்பிட்ட இடைவெளியில் கொலோனோஸ்கோப்பிக்கு வரச் சொல்வது இதனால்தான். 'நல்லாத்தானே இருக்கேன், எதுக்கு குழாய் விடணும்?' என்று தட்டிக்கழிக்கிறவர்கள் வீட்டில் யாராவது இருந்தால் இந்தப் பத்தியைக் காட்டுங்கள்.

நம்மூருக்கு வந்தால் சிக்கல் வேறு உருவம் எடுக்கிறது. இந்த நோய் வெள்ளைக்காரர்களுக்கு வருவது என்று நெடுநாள் நம்பிக்கை இருந்தது. பஞ்சாபில் வீடு வீடாகப் போய்க் கணக்கெடுத்து 2003-ல் வெளியிட்ட ஆய்வு லட்சத்துக்கு 44 பேருக்கு மேல் அல்சரேட்டிவ் கோலைட்டிஸ் இருப்பதாகச் சொன்னது. க்ரோன் நோயில் இன்னும் ஒரு முடிச்சு உண்டு: குடல் காசநோயும் பார்க்க அப்படியே இருக்கும். அதே சிறுகுடல் முனை, அதே புண், அதே சுருக்கம், அதே எடைக் குறைவு. கிளாஸ்கோவின் டால்ஸியல் 1913-ல் இந்த நோயை விவரித்தபோதே காசநோயோடு ஒப்பிட்டுத்தான் பேசினார். காசநோய் இருப்பவருக்கு க்ரோன் என்று நினைத்து ஸ்டீராய்டு கொடுத்தால் கிருமி உடம்பெங்கும் பரவும். க்ரோன் இருப்பவருக்குக் காசநோய் மருந்தை மாதக்கணக்கில் கொடுத்தால், அதற்குள் குடல் சுருங்கி அடைபட்டுவிடும். வேலூர் சிஎம்சியில் அன்னா புலிமூட் குழு, நுண்ணோக்கியில் சதைத் துணுக்குகளை ஒப்பிட்டு, எந்த அடையாளங்கள் காசநோயின் பக்கம் சாய்கின்றன, எவை க்ரோன் பக்கம் சாய்கின்றன என்று 1999-ல் எழுதியது. வெளிநாட்டு ஆய்வாளர்களும் இன்று அதை மேற்கோள் காட்டுகிறார்கள். பிரித்தறியவே முடியாதபோது நம் டாக்டர்கள் முதலில் காசநோய் மருந்தைத் தொடங்கி, இரண்டு மூன்று மாதத்தில் மறுபடி கொலோனோஸ்கோப்பி செய்து பார்க்கிறார்கள். புண் ஆறியிருந்தால் காசநோய், மருந்தைத் தொடர்வார்கள். ஆறாமல் அப்படியே இருந்தால் க்ரோன் பக்கம் திரும்புவார்கள். அதற்கு மேலும் காத்திருப்பதில்லை.